'பழைய மனப்பான்மை' என்று எழுதியது எங்களைத்தானே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பணம் பக்கத்தில் ரீட் எனப்படும் சொத்து முதலீட்டு நிதிகளைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி இருந்தது: "ஈவுத்தொகைக்காகக் காத்திருப்பது பழைய மனப்பான்மை, யூனிட்டுகளைத் திரும்ப வாங்கும் நிதியே முதலீட்டாளருக்கு மதிப்பைச் சேர்க்கிறது." யூனிட் என்பது நிதியில் நம் பங்கு; நிதியே அதைச் சந்தையில் வாங்கி ரத்துசெய்தால் மிஞ்சும் யூனிட்டுகளின் பங்கு கூடும் என்பது கட்டுரையாளரின் வாதம். அந்த வரியை மூன்று முறை படித்தேன். நான் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தெரிந்தவர் யாராவது தவறிவிட்டார்களா என்று என் மனைவி கமலா கேட்டார்.

எனக்கு வயது 72. துறைமுகத்தில் 31 ஆண்டுகள் பாரந்தூக்கி ஓட்டியவன். 2002 ஜூலையில் சிங்கப்பூரின் முதல் ரீட்டான கேப்பிட்டாமால் டிரஸ்ட் யூனிட் 96 காசுக்கு வந்தபோது ஏடிஎம் வரிசையில் நின்று விண்ணப்பித்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு முந்தைய ஆண்டு சிங்மால் என்ற பெயரில் நடந்த முயற்சி போதிய விண்ணப்பம் வராமல் கைவிடப்பட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. பிறகு எங்களைப் போன்றவர்கள் எதை நம்பி வந்தோம்? கடைத்தொகுதியில் வாடகை வசூலாகும், அதைப் பங்கிட்டுத் தருவார்கள் என்பதை நம்பித்தான். வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பங்கிட்டால்தான் நிதிக்கு வரிச்சலுகை என்று விதியே இருக்கிறது. பங்கீட்டுக்காகவே பிறந்த ஒன்றில் பங்கீட்டை எதிர்பார்ப்பவனை எப்படிப் பழையவன் என்று சொல்ல மனம் வந்தது?

என்னிடம் ஒரு 555 நோட்டு இருக்கிறது. மளிகைக் கடைக்காரர்கள் கடன் எழுதி வைப்பார்களே, அதே சிறிய நோட்டு. வரும் ஒவ்வொரு பங்கீட்டையும் அதில் எழுதுகிறேன். இடப்பக்கம் தேதியும் தொகையும், வலப்பக்கம் அது போன வழி. சென்ற மே மாதத்தில் "312.40" என்ற எண்ணுக்கு எதிரே "மின்சாரம், தண்ணீர், கமலாவின் கண்" என்று இருக்கிறது. கண்புரைச் சிகிச்சைக்குப் பிறகு அவருக்குச் சொட்டு மருந்து வாங்கியதைத்தான் அப்படி எழுதினேன். யூனிட்டின் 'மதிப்புக் கூடுதல்' என்று வலப்பக்கத்தில் எழுத எனக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை.

திரும்ப வாங்குவதால் வரி மிச்சம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அது அமெரிக்காவில் பேச வேண்டிய பேச்சு. அங்கே ரீட் ஈவுத்தொகைக்குத் தனிநபர் வரி கட்ட வேண்டும். இங்கே என்னைப் போன்ற தனிநபருக்கு ரீட் பங்கீட்டின் மீது வருமான வரி இல்லை, யூனிட்டை விற்றால் வரும் லாபத்துக்கும் வரி இல்லை. பிறகு எந்த வரியை மிச்சம் பிடித்துத் தருகிறார்கள்?

கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு நிதியில் 1,000 மில்லியன் யூனிட்டுகள், ஒவ்வொன்றின் நிகர மதிப்பு (கடன் போக மிஞ்சும் சொத்து) ஒரு வெள்ளி, சந்தை விலை 70 காசு, ஆண்டுப் பங்கீடு 5 காசு. ஒரு கட்டடத்தை விற்ற பணத்தில் 14 மில்லியன் வெள்ளி கையில் நிற்கிறது. அதைப் பங்கிட்டால் 10,000 யூனிட் வைத்திருப்பவருக்கு 140 வெள்ளி. அதே பணத்தில் 20 மில்லியன் யூனிட்டுகளைத் திரும்ப வாங்கினால், அவருக்கு ஆண்டுக்கு 10 வெள்ளி 20 காசு கூடுதலாகக் கிடைக்கும், ஏட்டில் யூனிட்டின் மதிப்பும் அரைக் காசுக்குச் சற்று மேல் உயரும். இதை நான் மறுக்கவில்லை. மதிப்புக்கு மிகவும் கீழே விலை விழுந்து கிடக்கும்போது, கடன் குறைவாக இருக்கும் நிதி அப்படிச் செய்வதில் நியாயம் உண்டு. 40 வயதுக்காரர் அதையே விரும்பலாம். 140 வெள்ளி வேண்டும் என்று நான் சொன்னால் அது என் அறியாமை அல்ல, என் வயதின் கணக்கு. யூனிட்டை விற்றுப் பணமாக்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். என் தரகு நிறுவனம் ஒவ்வொரு விற்பனைக்கும் குறைந்தது 25 வெள்ளி எடுத்துக்கொள்கிறது.

90 விழுக்காட்டைப் பங்கிட்ட பிறகு இவர்களிடம் மிஞ்சுவது கொஞ்சம்தான். எனவே திரும்ப வாங்கும் பணம் கட்டடம் விற்றோ கடன் வாங்கியோதான் வர வேண்டும். சிங்கப்பூர் நாணய ஆணையம் கடன் விகிதத்துக்கு, அதாவது சொத்து மதிப்பில் கடன் எவ்வளவு என்பதற்கு, 50 விழுக்காடு உச்சவரம்பு வைத்திருப்பது எதற்காக? மேனுலைஃப் யுஎஸ் ரீட்டின் அலுவலகக் கட்டடங்களின் மதிப்பு 2023-இல் சரிந்தபோது கடன் விகிதம் அந்த வரம்பையும் தாண்டிப்போய்ப் பங்கீடே நின்றுபோனது. அதை உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன்.

கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாத செய்தி ஒன்று உண்டு. பல ரீட்களில் நிர்வாக நிறுவனம் தன் கட்டணத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ புதிய யூனிட்டுகளாகப் பெற்றுக்கொள்கிறது. நான் வைத்திருக்கும் ஒரு நிதியின் ஆண்டறிக்கையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தேன். ஓராண்டில் திரும்ப வாங்கியது சுமார் 3 மில்லியன் யூனிட்டுகள். நிர்வாகிக்குக் கட்டணமாகப் புதிதாகக் கொடுத்தது 5 மில்லியனுக்கும் மேல். யூனிட்டுகள் குறைந்தனவா, கூடினவா? இதைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். நல்ல கேள்வி என்று புன்னகைத்துவிட்டு, "நீண்டகால மதிப்பு" என்று நான்கு நிமிடம் பேசினார்கள். தொடர்ந்து கேட்க முயன்றபோது, ஆளுக்கு ஒரு கேள்விதான் என்று ஓர் இளம்பெண் மிகவும் பணிவாக ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இது மட்டுமா? 2020 பிப்ரவரியில் காலாண்டு அறிக்கை கட்டாயமில்லை என்று பங்குச் சந்தை விதி மாறியது. என்னிடமிருந்த இரண்டு நிதிகள் அறிக்கையோடு பணத்தையும் அரையாண்டுக்கு ஒருமுறை என்று ஆக்கிவிட்டன. மின் கட்டணம் இன்றும் மாதந்தோறும்தான் வருகிறது. அதே ஆண்டு ஏப்ரலில், கிருமித்தொற்றைக் காரணம் காட்டி, பங்கீட்டைப் பன்னிரண்டு மாதம்வரை தள்ளிவைக்க அனுமதி கிடைத்தது. வாடகைதாரர்கள் பட்ட பாடு எங்களுக்கும் தெரியும், பொறுத்துக்கொண்டோம். அதன் பிறகு, 80 காசுக்கு யூனிட்டுகளைத் திரும்ப வாங்கிய ஒரு நிதி, இரண்டே ஆண்டில் கடனைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி எங்களிடமே 61 காசுக்கு உரிமை வெளியீட்டை, அதாவது யூனிட் வைத்திருப்பவர்களுக்கே புதிய யூனிட்டுகளை விற்கும் திட்டத்தை, நீட்டியது. என்னிடம் அப்போது பணம் இல்லை. என் பங்கு சுருங்கியது. அன்று எந்தக் கட்டுரையாளரும் 'மதிப்பு' பற்றி எழுதியதாக நினைவில்லை.

உங்கள் பத்திரிகையை நாற்பது ஆண்டுகளாக வாங்குகிறேன். அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் கேட்கவில்லை. ஒரு ரீட் யூனிட்டுகளைத் திரும்ப வாங்கியது என்று இனிமேல் செய்தி போடும்போது, அதே காலத்தில் நிர்வாகிக்குக் கொடுத்த புதிய யூனிட்டுகள் எத்தனை, கடன் விகிதம் எவ்வளவு என்று இரண்டு வரிகள் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தின் எண்களைச் சற்றுப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஈசூன்.