பிரிப்புத் தாளில் மஞ்சள் கறை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரித்துப் போட்ட காயின் செல் (நாணய வடிவச் சிறு பேட்டரி), அதன் இரு மின்முனைகளுக்கும் நடுவே இருக்கும் பிரிப்புத் தாளில் வெளிர் மஞ்சளாய் ஒரு வட்டம். நீ மின்முனையில் வைத்த குயினோன் என்ற கரிமச் சேர்மம், எலக்ட்ரோலைட்டில் (அயனிகளைக் கடத்தும் திரவத்தில்) கரைந்து எதிரே இருக்கும் லித்தியம் பக்கம் போயிருக்கிறது. செல்லின் மின் கொள்ளளவு இறங்கிக்கொண்டே வந்ததன் காரணம் அதுதான்.

"ஒரு வருஷம் வீணாப் போச்சுப்பா" என்று எழுதியிருந்தாய். லித்தியம்-அயன் பேட்டரியை உருவாக்கியவர்களில் ஒருவரான யோஷினோ முதலில் எதிர்மின்முனையில் வைத்துப் பார்த்தது பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரைத்தான். அது நிலைத்து நிற்கவில்லை, அடர்த்தியும் போதவில்லை. அதை விட்டுவிட்டுக் கார்பனுக்குப் போனார். 2019-இல் நோபல் வாங்கிய வேலை அங்கிருந்துதான் கிளம்பியது. உன் கறையும் ஒரு விடைதான் அம்மா.

சிறு மூலக்கூறை நீளச் சங்கிலியில், அதாவது பாலிமரில், கோத்துவிட்டால் அவ்வளவு எளிதாகக் கரையாது. சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்பு போட்டால் இன்னும் கெட்டியாக நிற்கும். ஆனால் ஒரேயடியாக இறுக்கிவிடாதே. பாலிமர் கொஞ்சம் உப்பினால்தான் அயனிகள் உள்ளே சட்டென்று வந்துபோக முடியும். ஊற வேண்டும், கரையக் கூடாது. உன் வேலை முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

வேகத்தில் பாலிமருக்கு இயல்பாகவே ஒரு வரம் உண்டு. இன்றைய பேட்டரிகளில் வழக்கமாக எதிர்மின்முனையாக இருக்கும் கிராஃபைட் என்ற அடுக்குக் கார்பனைச் சார்ஜ் ஏற்றும்போது அவசரப்படுத்தினால் லித்தியம் அடுக்குக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். 2002-இல் ஜப்பானின் என்இசி நிறுவன ஆய்வாளர்கள் காட்டிய பிடிஎம்ஏ (PTMA) என்ற பாலிமரில் அந்தத் தொல்லை இல்லை. அதன் நைட்ராக்சைடு ராடிக்கல் (இணையற்ற எலக்ட்ரான் உள்ள பகுதி) எலக்ட்ரானைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உருவம் அதிகம் மாறுவதில்லை, அதனால்தான் அத்தனை வேகம். கொள்ளளவோ கணக்குப்படியே கிராமுக்கு 111 மில்லிஆம்பியர்-மணிதான். கிராஃபைட்டுக்கு 372.

இங்கேதான் நான் சறுக்கினேன். நான் செய்த மின்முனை மெல்லிய படலம், அதில் பாதிக்கு மேல் கார்பன். ஒரு நிமிஷத்தில் சார்ஜ் ஆனதும் துள்ளிக் குதித்தேன். "மின்முனை முழுவதையும் எடை போட்டுக் கணக்குச் சொல்" என்றார் என் வழிகாட்டி. போட்டுப் பார்த்தால், கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ஆறு மாதம் உனக்கு வேண்டாம். இனி வரைபடம் அனுப்பும்போது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பாலிமர் என்பதையும் சேர்த்து எழுது.

அடுத்த செல்லைக் கட்டுமுன், மின்முனைத் துண்டு ஒன்றை எலக்ட்ரோலைட்டில் ஒரு ராத்திரி ஊறவிடு. சார்ஜ் இறக்கிய துண்டையும் தனிக் குப்பியில் போடு, சில குயினோன்கள் அந்த நிலையில்தான் கரையும். காலையில் இரண்டு குப்பிகளையும் வெள்ளைத் தாள்மேல் வைத்துப் படமெடுத்து அனுப்பு. நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா