சேமலாப நிதி ஓய்வூதியம் ஆகாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் கடையில் வாங்கிப் படித்து வருகிறேன். கடந்த ஞாயிறு இதழில் சமூகப் பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தனியார் துறையினருக்கு ஊழியர் சேமலாப நிதி இருப்பதால் ஓய்வூதியச் சட்டத்துக்கு அவசரமில்லை என்று அதில் ஒரு வரி. அதைப் படித்த பிறகு அன்று காலைத் தேத்தண்ணி தொண்டையில் இறங்கவில்லை.

ஐயா, உங்களுக்குத் தெரியாததல்ல. சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. நான் பிறந்ததும் அதே வருடம்தான். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதானதும் மொத்தத்தையும் எடுக்கலாம். அதோடு சரி, அப்புறம் மாதாமாதம் ஒரு சதமும் வராது. அரசாங்க உத்தியோகத்தர் கண்ணை மூடினால் அவர் மனைவிக்கும் ஓய்வூதியம் போகிறது. எங்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கொடுக்கும் பணத்தை ஓய்வூதியத்துக்குச் சமம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் 1984 முதல் 34 வருடம் கணக்கு எழுதினேன். மாதாமாதம் எல்லார் சம்பளத்திலும் 8 வீதம் வெட்டியதைப் பதிந்தது என் கை. அதைக் கொண்டுபோய்க் கட்டுவது முதலாளி வீட்டார் பொறுப்பு. கடைசியில் விசாரித்தால் 21 வருடத்துக்குத்தான் கட்டியிருந்தது. சரி, வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடையாவது தாருங்கள் என்று கேட்டேன். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் 15 பேராவது வேலை செய்யும் இடமாக இருந்தால்தான். எங்கள் கடையில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் நின்றோம். பதிவேட்டில் எப்போதும் 14 பேர்தான். அந்தப் பதிவேட்டையும் நான்தான் எழுதினேன், ஐயா. சொன்னபடி எழுதாவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம்.

முறைப்பாடு கொடுக்கப் போன கந்தோரிலிருந்து வந்த மூன்று கடிதமும் சிங்களத்தில். தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழி. கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

என் மனைவி கறுவாத்தோட்டத்தில் ஒரு வீட்டில் 22 வருடம் சமைத்தாள். வீட்டுப் பணியாளர்களைச் சேமலாப நிதிச் சட்டம் சேர்க்கவே இல்லை. கடைசி நாளில் அவள் கைக்கு வந்தது ஒரு சேலை.

எனக்குக் கிடைத்ததை 2018இல் நிலையான வைப்பில் போட்டேன். 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஏற்றம் 70 வீதத்தை நெருங்கியபோது, அந்த வட்டி என் பிறஷர் மருந்துக்கும் போதவில்லை. அடுத்த வருடம் அரசாங்கத்தின் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தார்கள். வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களை, தொடவில்லை, சேமலாப நிதியிடம் இருந்தவற்றைத்தான் புதிய முறிகளாக மாற்றினார்கள். இணங்காவிட்டால் நிதியின் வருமானத்துக்கான 14 வீத வரி 30 வீதமாகும் என்ற நிபந்தனை வேறு. தொழிலாளியின் பணத்துக்கு மட்டும் ஏன் இந்த நிலை என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கவில்லை.

2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் கொண்டு வந்தார்கள். தொழிலாளர்களிடம் கேட்காமல் கொண்டு வந்தார்கள். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் வீதிக்கு இறங்கினார்கள், பொலிஸார் சுட்டார்கள், ரொஷேன் சானக்க என்ற இளைஞர் இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. சட்டம் வந்த பாதையை எழுதும் கட்டுரையில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு ஒரு வரி இடமில்லாமல் போனது எனக்கு மிகுந்த வருத்தம்.

நான் கேட்பது பெரிதல்ல. ஞாயிறு இதழில் கால் பக்கம் ஒதுக்குங்கள். முதலாளி ஒழுங்காகப் பணம் கட்டுகிறாரா என்று வேலையில் இருக்கும்போதே எப்படிப் பார்ப்பது, பணம் எடுக்கும் கே படிவத்தை எப்படி நிரப்புவது, பணிக்கொடை மறுக்கப்பட்டால் எங்கே போவது என்று தமிழில் போடுங்கள். எங்கள் கடையில் இன்றும் பையன்கள் நிற்கிறார்கள்.

இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் என் வைப்புப் பணக் கதையை எடுத்துவிடுங்கள். பதிவேட்டில் 14 பேர் என்று எழுதிய விடயத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகன்,
கொழும்பு 13