நம்ம நாணயச் சங்கம், சேலம்: 2025 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வருஷம் அரைப் பக்கத்துல முடிச்சேன், இந்த தடவை கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

மாசக் கூட்டம் பதினொன்னு நடந்துச்சு, ஆடியில கோட்டை மாரியம்மன் பண்டிகைனால ஒன்னு நடக்கல. மே மாசம் ஏற்காட்டுல பசங்களுக்கு பழைய காசு காட்டினோம், மழை, கூட்டம் கம்மி.

இனி நம்ம ஞாயித்துக்கிழமை வாட்ஸ்அப் ஏலத்தப் பத்தி. 2018ல ஈபே இந்தியாங்கற ஆன்லைன் ஏல சைட்ட மூடினதுல இருந்து நம்மாளுங்க காசு வாங்க விக்க கஷ்டப்பட்டாங்கன்னுதான் இத நான் ஆரம்பிச்சேன், என் சொந்த லாபத்துக்குன்னு ஒருத்தர் டீக்கடையில பேசினதா கேள்விப்பட்டேன், அவரு இதையும் படிப்பாரு. முதல் மூணு மாசம் விக்கிறவங்க சொன்ன ஆரம்ப விலையையே போட்டோம். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1918 வெள்ளி ரூபாய்க்கு ஒரு அண்ணன் 3000ல ஆரம்பிச்சாரு. கைதட்டுற பொம்மை பதினேழு வந்துச்சு, கேள்வி, அதாவது இவ்வளவு தர்றேன்னு விலை கேக்கறது, ஒன்னுகூட வரல. மூணு வாரம் இதே கதை. அப்புறம் என்னோட காசு ஒன்ன, அதே வருஷம், 100 ரூபாய்ல விட்டேன். ஒன்பது பேர் கேட்டாங்க, 1850க்கு போச்சு. 100ல உள்ள வந்தவனுக்கு காசு அப்பவே தன் வீட்டு அலமாரிக்கு வந்துடுதுங்க, அடுத்தவன் 50 ஏத்தினா கையில இருந்து புடுங்கற மாதிரி வலிக்குது.

ஆனா எல்லாக் காசுக்கும் இந்தக் கம்மி ஆரம்ப விலை சரிப்படாது. வெள்ளி ரூபாய் 11.66 கிராம், பதினொரு பங்கு வெள்ளி ஒரு பங்கு கலப்பு, 1940ல இருந்துதான் பாதி வெள்ளி. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில எடை போட்டே வாங்கிக்குவாங்க, அந்த விலை வரைக்கும் யாராச்சும் கேட்டே தீருவான். செம்புக்கு அந்தத் தாங்கல் கிடையாது. 1835 கால் அணா ஒன்ன 10 ரூபாய்ல விடுங்கன்னு நான்தான் வற்புறுத்தினேன், அன்னிக்கு ஐபிஎல் மேட்ச், ரெண்டே பேர், 40க்கு போயிடுச்சு. அந்த அண்ணன் இன்னும் என்கூட பேசறதில்ல. தப்பு என்மேலதான்.

அப்புறம், ஒன்பதுக்கு ஏலம் முடியும்னா 8:59க்கு வர்ற ஆளுங்க. ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது, கடைசி பத்து செகண்டுல நாலு பேர் குதிப்பாங்க, யாரு முதல்லன்னு சண்டை. கோயில்ல எலுமிச்சம்பழம் ஏலம் விட்டா கடிகாரம் பாத்தா விடறோம், ஒரு தரம் ரெண்டு தரம்னு கேள்வி நிக்கிற வரைக்கும்தானே. ராத், ஆக்கன்ஃபெல்ஸ்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க 2002ல இதத்தான் எழுதினாங்க, நேரம் முடிஞ்சா முடிஞ்சதுன்னு இருந்த ஈபேயில கடைசி நிமிஷக் கூட்டம் ஜாஸ்தி, கேள்வி வந்தா நேரம் நீளுற அமேசான் ஏலத்துல கம்மி. அதான் கடைசிக் கேள்வியில இருந்து ரெண்டு நிமிஷம்னு மாத்தினேன். ஒரு நாள் 10:40 வரைக்கும் இழுத்துச்சு, வீட்டுல திட்டு வாங்கினது நான்.

மச்சான விட்டு தன் காசையே ஏத்தி விட்டவர் பேர் சொல்லல, அவருக்கே தெரியும். புளி போட்டு பளபளன்னு தேச்சு ஒரிஜினல்னு போட்டோ போட்டவரும் அப்படித்தான். ஏலம் எடுத்துட்டு "ஊர்ல இல்ல"ன்னு பணம் கட்டாதவங்க அஞ்சு பேர், அதுல மூணு பேர் ரெண்டு வருஷமா சந்தாவும் கட்டல, ஆனா தட்டுவடை செட் வந்த அன்னிக்கு கூட்டத்துக்கு கரெக்டா வந்துட்டாங்க.

வரவு செலவு பொருளாளர் நோட்டுல இருக்கு, காசு வைக்கிற ட்ரே, பேனர் போக கையில கொஞ்சம் நிக்குது, பாத்துக்கலாம். மாடி ரூம் குடுத்தவருக்கும், டீ குடுத்த அக்காவுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளரா வேற யாராச்சும் வந்தா எனக்கு சந்தோஷம்தான், குரூப் அட்மின், நோட்டு, தராசு எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். யாரும் வரலன்னா பொங்கலுக்குள்ள சந்தாவாச்சும் கட்டிடுங்க. வர்ற ஞாயிறு எட்டு மணிக்கு 1862 விக்டோரியா ரூபாய், ஆரம்பம் 100.