பின்மாறிப்போனவள் எழுதுகிறேன்

சபை மூப்பர்களான ஐயாமார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். பழக்கம் விடவில்லை, போனை எடுத்தால் இன்னும் இதுதான் முதலில் வாயில் வருகிறது.

நகையும் மருந்தும் கூடாது என்கிற நம் சபை ஐக்கியத்தை நான் விட்டு ஆறு வருஷம் ஆகிறது. நகை ஆசையில் போய்விட்டாள் என்று ஒரு கூட்டத்தில் நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். காது குத்திக்கொண்டது உண்மைதான். முப்பத்திரண்டு வயதில் குத்தினால் எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தக் கம்மலுக்காக யாரும் பிறந்து வளர்ந்த சபையை விடமாட்டார்கள். காரணத்தை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஸ்திரீகள் 'பேசும்படிக்கு அவர்களுக்கு உத்தரவில்லை' என்ற வசனம் நம் சபையில் எழுத்துப் பிசகாமல் நடந்தது. சாட்சி சொல்லலாம், கேள்வி கேட்கக்கூடாது. அதனால்தான் எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

அம்மாவின் கால் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சர்க்கரை வியாதி, செருப்பு கடித்த புண். மூன்று வாரம் எண்ணெய் பூசி ஜெபித்தீர்கள், உபவாசம் இருந்தீர்கள். அந்த ஜெபத்தில் உண்மை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஆசா ராஜாவைப் பற்றிப் பிரசங்கம். 'தன் கால்களில் வியாதிகண்டு... கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்.' வேதத்தில் அவ்வளவு வியாதிக்காரர்கள் இருக்க, கால் வியாதிக்காரன்தான் அன்றைக்குக் கிடைத்தான். அம்மா முன்வரிசைப் பாயில், சேலைக்குள் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். புண் நாறியது. பக்கத்தில் இருந்த அக்காமார் நகர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் தம்பியும் நானும் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனோம். இரண்டு விரல் போயிற்று. அதற்கப்புறம் நான்கு மாதம் அவளுக்கு இராப்போஜன அப்பம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனது அவிசுவாசம் என்று எழுந்து நின்று அறிக்கை செய்த பிறகுதான் தட்டை நீட்டினீர்கள். கட்டுப்போட்ட காலோடு அவள் அதைச் சொல்லி முடிக்கும்வரை இருந்தேன். வெளியே வந்த நான் திரும்பி வரவில்லை.

உங்களை விட்டேனே தவிர வேதத்தை விடவில்லை. சொல்லப்போனால் உங்களைத் தோற்கடிப்பதற்காகவே முதல் இரண்டு வருஷம் வாசித்தேன். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் எழுதிக்கொடுக்கிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிக்காரனாகவே விட்டுவிட்டு வருகிறார். கூட இருந்த லூக்கா 'பிரியமான வைத்தியன்'. ரெபெக்காளுக்கு ஆபிரகாமின் ஊழியக்காரன் கொடுத்தது அரைச்சேக்கல் பொற்காதணி. நகைக்கு எதிராக நீங்கள் காட்டும் பேதுருவின் வசனம் பொன்னாபரணத்துக்கு முன்னால் 'மயிரைப் பின்னி' என்று ஆரம்பிக்கிறது; நம் சபையில் பின்னல் போடாத சகோதரி யார்? நோட்டுப் புத்தகம் நிறைய இப்படிச் சேர்த்தேன். ஒருநாள் அதைப் புரட்டும்போது, நீங்கள் செய்த அதே வேலையை நானும் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. எனக்கு வேண்டிய வசனத்தைப் பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் மாற்கு 16 வந்தது. 'வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது அவர்கள் சொஸ்தமாவார்கள்.' மருந்தில்லாமல் ஜெபத்தால் குணமாவது என்கிற நம் தெய்வீக சுகத்துக்கு அஸ்திவாரமே இதுதானே. அதே வசனத்தின் முன்பாதியில் சர்ப்பத்தை எடுப்பதும் விஷத்தைக் குடிப்பதும் இருக்கிறது. அதை நீங்கள் செய்து பார்த்ததில்லை, நல்லவேளை. ஆனால் நான் சொல்லவந்தது வேறு. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வாத்திக்கான் என்கிற கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு சுவிசேஷம் இந்த 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. 9 முதல் 20 வரை இல்லை. வாத்திக்கான் பிரதியில் அதற்கப்புறம் பக்கத்தில் ஒரு நெடும்பத்தி முழுக்க வெற்றாக விட்டிருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் சீனாய்ப் பிரதியின் பக்கங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே சுவிசேஷம் முடிவது இப்படி: 'அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்.' அவர்கள் என்பது கல்லறைக்குப் போன பெண்கள்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஐயாமாரே. உங்கள் வசனம் விழுந்தது. அது அதோடு நிற்கவில்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் அந்த இரண்டு பிரதிகளிலும் இல்லை. 'உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்' என்று சொன்ன இயேசுவைப் பிடித்துக்கொண்டுதான் சபையை விட்ட வருஷத்தைக் கடந்தேன். அவர் குனிந்து விரலால் தரையில் எழுதுவதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதுவும் பின்னால் வந்து சேர்ந்தது என்று தெரிந்தபோது, வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது. உங்கள் வசனத்துக்கு ஒரு நியாயம், என்னுடையதற்கு ஒரு நியாயம் என்று வைக்க முடியாதே. இதை யாரிடம் சொல்வது? உங்களிடம் சொன்னால் பிசாசின் தந்திரம் என்பீர்கள். வெளியே இருப்பவர்களிடம் சொன்னால், கட்டுக்கதைதானே, விடு என்கிறார்கள்.

ஒரு எழுத்துகூட மாறாதது என்று நம் கறுப்பு அட்டை வேதத்தைத் தூக்கிக் காட்டுவீர்கள். சீகன்பால்கு பாதிரியார் தரங்கம்பாடியில் 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டபோது கடவுளுக்கு வார்த்தை சர்வேசுரன். பிறகு மொழிபெயர்த்த பப்ரீஷியஸ் கையில் பராபரன். 1871இல் பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பில் தேவன். நடுவில் யாழ்ப்பாணத்தில் வேதத்தை மொழிபெயர்த்த பெர்சிவல் பாதிரியாருக்குத் தமிழில் துணை நின்றவர் சைவரான ஆறுமுக நாவலர். இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை, படிக்கப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. இத்தனை பேர் உட்கார்ந்து, யோசித்து, அடித்துத் திருத்திய புத்தகம் என்று ஒரு தடவை எங்களிடம் சொல்லியிருக்கலாம்.

அமலேக்கின் குழந்தைகளையும் கொன்றுபோடச் சொன்ன வசனத்தைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. அதற்கான உங்கள் பதில் தெரியும். அந்தப் பதில் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நான் விசுவாசியா என்று கேட்டால் சங்கீதம் வாசிக்கிறேன், சில ராத்திரி ஜெபம் வருகிறது, சில ராத்திரி வருவதில்லை. முழுப் புத்தகமும் தேவனுடைய வாய்ச்சொல் என்று என்னால் இனிச் சொல்ல முடியாது. இதைத் தீர்த்துவையுங்கள் என்று கேட்கவில்லை. பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் ஆராய்ந்து பார்த்ததால் நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அடுத்த தடவை மாற்கு 16:18ஐ மருந்துக்கு எதிராக எடுக்கும்போது, அந்த இரண்டு பழைய பிரதிகளிலும் இது இல்லை என்ற ஒரு வரியையும் சொல்லுங்கள். சர்க்கரை இருக்கிற விசுவாசிகள் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

அம்மா இன்னும் உங்களிடம்தான் வருகிறாள். ஊழியர் வீட்டுக்கு வரும் நாளில் இன்சுலினைப் பிரிட்ஜில் கறிவேப்பிலை டப்பாவுக்குள் ஒளித்துவைக்கிறாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. எத்தனை நாளைக்கு டப்பாவுக்குள் வைக்கிறது" என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவாள். பாயில் உட்கார முடியாது, ஒரு நாற்காலி போடுங்கள். அப்பத் தட்டு அவளைத் தாண்டிப் போகக்கூடாது.