வராத சிவப்பு

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. தம்பி வழக்கம்போல்தான்.

உன் ஆராய்ச்சியில் கிரிக்னார்டு வினை நடக்காமல், “போட்ட கீட்டோனே திரும்பி வருதுப்பா” என்று சலித்துக்கொண்டாய். அப்புறம் ஐந்து வாரமாக “ம், நடக்குது” என்பதோடு சரி. போன வாரம் அம்மாவிடம் எல்லாம் நன்றாக வந்துவிட்டது, கைடுக்கும் காட்டிவிட்டேன் என்றாயாம். சந்தோஷம். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

ஈதரை நன்றாக உலர்த்துகிறாயா? ஹேலைடையும் மக்னீசியத்தையும் சேர்த்து நீ செய்யும் கிரிக்னார்டுக்குக் கொஞ்சம் ஈரம் போதும், எல்லாம் வீணாய் ஆல்கேனாகிப் போகும். தொடங்க அடம்பிடித்தால் மக்னீசியம் சீவலோடு ஓர் அயோடின் துணுக்கு போடு. பழுப்பு நிறம் மறைந்து, கலங்கி, ஈதர் தானாகக் கொதிக்கும். அந்த நேரத்தில் பனிக்கட்டித் தொட்டி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஹேலைடை மொத்தமாக ஊற்றிவிடாதே.

ஈரம்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. உன் கீட்டோனுக்கு இரண்டு பக்கமும் பருத்த தொகுதிகள். கார்பனைல் கார்பனை நெருங்க வழியில்லாவிட்டால் கிரிக்னார்டு காரம்போல் நடந்துகொண்டு பக்கத்துக் கார்பனில் இருக்கும் ஆல்ஃபா ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். ஈனோலேட்டாக நிற்பது, அமிலம் விட்டதும் பழைய கீட்டோனாகவே வந்து நிற்கும். ஒருமுறை, ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கனநீர் விட்டு வினையை நிறுத்திப் பார். திரும்பி வரும் கீட்டோனின் ஆல்ஃபா கார்பனில் டியூட்டீரியம் ஏறியிருந்தால் குற்றம் உன் கையில் இல்லை. அப்புறம் இந்தப் பிடுங்கலைக் குறைக்க நீரற்ற சீரியம் குளோரைடு சேர்த்துச் செய்யலாம். அதற்கும் ஈரம் ஆகாது. குடுவையைச் சூடாக்கி உலர்த்து.

இதெல்லாம் உனக்குத் தெரியும். பார்க்கிறவர்களிடமெல்லாம் உன் ஆராய்ச்சியைப் பற்றித்தான் பேசுகிறேன். உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் பேசுகிறேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

பன்னிரண்டாம் வகுப்பில் நான்தானே உனக்கு ஆசிரியர். ஆல்டிஹைடைக் கண்டறியும் சோதனைகளுக்குப் பென்சால்டிஹைடு கொடுத்திருந்தேன். டாலன்ஸ் கரைசலை விட்டு வெந்நீருக்குள் குழாயைப் பிடித்தாய், வெள்ளி ஆடி படிந்தது, அதில் உன் மூக்கைப் பார்த்துச் சிரித்தாய். பெல்லிங் கரைசல் மட்டும் கொதித்துக் கொதித்து நீலமாகவே நின்றது. “சிவப்பு வீழ்படிவு இல்லை” என்று எழுதினாய். ஆல்டிஹைடு என்றால் சிவப்பு வர வேண்டாமா என்று எல்லோர் முன்னாலும் திட்டி, அதைச் சிவப்பு மையால் அடித்து, “உண்டு” என்று எழுத வைத்தேன். நீ பதில் பேசாமல் எழுதினாய்.

அன்று ராத்திரியே புத்தகத்தைப் புரட்டினேன். அரோமேட்டிக் ஆல்டிஹைடு டாலன்ஸுக்கு மசியும், பெல்லிங்குக்கு மசியாது. நீ கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருந்தாய். மறுநாள் வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமாகவும் இல்லை. வராததை வந்ததாக எழுத உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்பது, போன வாரம் அம்மா சொன்னதிலிருந்து தூங்க விடவில்லை.

அந்த ரெக்கார்டு நோட்டு பரணில்தான் இருந்தது. இன்று எடுத்து, “உண்டு” என்பதை அடித்து, “இல்லை” என்று எழுதி, இன்றைய தேதியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கைடுக்குக் காட்டியது எதுவாக இருந்தாலும் சரி, அந்தக் கனநீர்ச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டு ராத்திரி போன் பண்ணு. நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா