வேப்பேரிக்குக் கூட்டிப்போன ஆட்டோ அண்ணாவுக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு பைக் இடித்து, எங்கள் நாய் கருப்பிக்குப் பின்னங்கால் உடைந்துவிட்டது. வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிந்து வரவில்லை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகி நான்கு நாள், நேரம் தவறாமல் சொட்டு மருந்து விடணும். எனக்கோ லீவு கிடையாது. நாய் என்றதும் மூன்று ஆட்டோ நிற்காமல் போய்விட்டன.

நீங்கள் நின்றீர்கள் அண்ணா. நான் அவளை அப்படியே வாரித் தூக்கப் போனேன். “அப்படித் தூக்காதம்மா, எலும்பு நகர்ந்துடும்” என்று சொல்லி, சீட்டுக்கடியில் இருந்த பலகையை உருவி அதில் மெதுவாகப் படுக்க வைத்தீர்கள். வலியில் கடித்துவிடும் என்று என் துப்பட்டாவால் வாயை லேசாகக் கட்டினீர்கள். மூச்சு விட இடம் இருக்கிறதா என்று இரண்டு தடவை விரல் விட்டுப் பார்த்தீர்கள். மிண்ட் தாண்டி வேப்பேரி வரை வண்டியைப் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினீர்கள்.

கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் காலைக் கூட்டம் போனவர்களுக்குத் தெரியும். நான் மேனேஜரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தபோது நீங்களே வரிசையில் நின்று சீட்டு வாங்கி வந்தீர்கள். எக்ஸ்ரே முடியும் வரை பலகையின் ஒரு முனையை விடவே இல்லை. காக்கிச் சட்டையெல்லாம் ரத்தம். வெயிட்டிங்குக்குப் பணம் நீட்டினால், “அம்மாவுக்கு மருந்து நேரமாச்சுன்னியே, ஏறும்மா” என்றீர்கள்.

நேற்று கருப்பி மூன்று காலில் வாசல் வரை வந்தாள். உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். பலகை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, கழுவிக் காயவைத்திருக்கிறேன். வாங்க அண்ணா, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எடுத்துப் போங்க.