பதினோராவது சட்டையின் ஒரு கை

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். பழைய தேவதைக் கதைகளை எடுத்து, வீர இளவரசிகளின் கதைகளாகப் புதுக்கி, வரிசை வரிசையாக வெளியிட்டுவரும் உங்கள் எல்லோருக்குமான மடல் இது. யாராவது வந்து திறக்கட்டும் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பவளைவிட, எழுந்து நடப்பவளைத்தான் எனக்கும் பிடிக்கும். உங்கள் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்குகிறவள் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சென்ற வாரம் உங்களில் ஒருவர் வெளியிட்ட புத்தகத்தை என் மகளுக்கு இரவில் படித்துக்காட்டினேன். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1838இல் எழுதிய காட்டு அன்னங்கள் கதையின் மறுகூறல். மாற்றாந்தாயின் சாபத்தால் அன்னங்களாகிவிட்ட பதினொரு அண்ணன்மாரைத் தங்கை எலிசா மீட்கும் கதை அது. உங்கள் எலிசா இரண்டாம் அத்தியாயத்திலேயே தொட்டாலே எரியும் காஞ்சொறிச் செடிக் கட்டைத் தூக்கி எறிகிறாள். தையலும் பின்னலும் அடிமை வேலை என்கிறாள். வாளை உருவுகிறாள். மாற்றாந்தாயை அரண்மனைப் படிக்கட்டில் வீழ்த்துகிறாள். சாபம் தீர்கிறது. பதினொரு அண்ணன்மாரும் குறையேதும் இல்லாமல் வந்து நிற்கிறார்கள்.

மூலக்கதையை முன்பே கேட்டிருந்த மகள், "கடைசி அண்ணனோட சிறகு எங்கே அம்மா?" என்றாள்.

நான் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். சிறகு இல்லை.

அந்தச் சிறகு எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணன்மார் மறுபடி மனிதராக வேண்டுமானால், எலிசா காஞ்சொறியைக் கையால் பறித்து, வெறுங்காலால் மிதித்து நாராக்கி, அவர்களுக்குப் பதினொரு சட்டைகள் பின்ன வேண்டும். முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல் உதிர்ந்தாலும் அது அண்ணன்மாரின் நெஞ்சில் கத்தியாக இறங்கும். கையெல்லாம் கொப்புளம். நார் தீர்ந்தபோது நள்ளிரவில் இடுகாட்டுக்குத் தனியே போய்ப் பறிக்கிறாள். அதைப் பார்த்தவர்கள் சூனியக்காரி என்கிறார்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவள் சொன்னால் உயிர் பிழைக்கலாம். சொல்லவில்லை. எரிப்பதற்குக் கொண்டுபோகும் வண்டியிலும் விரல்கள் ஓயவில்லை. கடைசிச் சட்டைக்கு ஒரு கை மட்டும் பின்னி முடியவில்லை. அதனால் கடைசி அண்ணனுக்கு ஒரு கை இருக்க வேண்டிய இடத்தில் அன்னத்தின் சிறகே நின்றுவிட்டது.

இதைவிடப் பெரிய வீரம் உங்கள் வாளில் எங்கே இருக்கிறது? சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கதையை மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கதை என்றாலே மாறிக்கொண்டிருப்பதுதான். 1812இல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்டபோது பனிவெள்ளையை (ஸ்நோ ஒயிட்டை) கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். பிந்தைய பதிப்பில் அவர்களே அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். நீங்களும் மாற்றுங்கள். ஆனால் எதை மாற்றினீர்கள் என்று சொல்லிவிட்டு மாற்றுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: புத்தகத்தின் கடைசியில் மூலக்கதையைச் சுருக்கமாகவாவது அச்சிடுங்கள். நான்கு பக்கம் போதும். இடமில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். என் கையில் இருக்கும் புத்தகத்தின் கடைசி ஆறு பக்கங்கள், வரப்போகும் உங்கள் புத்தகங்களுக்கான விளம்பரம்.

பின்னட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் இளவரசி முதன்முறையாகப் பிறந்திருக்கிறாள் என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். முதன்முறையாகவா? சூனியக்கிழவியை அடுப்புக்குள் தள்ளித் தாழிட்டவள் கிரெட்டல். கூண்டுக்குள் இருந்தவன்தான் அவள் அண்ணன் ஹான்சல். கிரிம் கதையில் தவளையை முத்தமிடாமல் சுவரில் ஓங்கி அறைந்தவள் ஓர் இளவரசி. ஆண்டர்சனின் இன்னொரு கதையில், பனி அரசியிடமிருந்து தன் தோழன் கேயை மீட்க உறைபனியில் நடந்துபோனவள் கெர்டா என்ற சிறுமி. தேவதைக் கதை என்ற பெயரையே அந்த வகைக்குத் தந்த பிரெஞ்சு எழுத்தாளர் டோல்னுவா சீமாட்டி, அதே நாட்டு எழுத்தாளர் பெரோ தன் சிண்ட்ரெல்லாவை வெளியிட்ட 1697ஐ ஒட்டியே இன்னொரு சிண்ட்ரெல்லாவை எழுதினார். அவள் பெயர் ஃபினெட். மனிதரைத் தின்னும் அரக்கனை அடுப்பில் தள்ளுகிறாள், தலை வாரிவிடுவதாகச் சொல்லி அரக்கியின் தலையைக் கோடரியால் வெட்டுகிறாள், அதற்கெல்லாம் பிறகுதான் நடனத்துக்குப் போகிறாள். இத்தனை காலமாக இவர்களெல்லாம் உங்கள் அனுமதிக்காகக் காத்திருந்தார்களா என்ன?

அட்டைப்படத்தைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். முழங்கால்வரை அவிழ்த்துவிட்ட கூந்தலோடு வாள் சண்டைக்குப் போகிறவளை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? எதிரிக்கு வாளே தேவையில்லை, முடியைப் பிடித்து இழுத்தால் போதும். எட்டுப் புத்தகம் வாங்கினேன்; எட்டிலும் அதே கூந்தல், அதே முறைப்பு, முதல் பக்கத்தில் அதே கிழிந்த பாவாடை. எட்டிலும் தையல் தெரிந்த பெண்கள் அசடுகள். நாயகி ஒருத்தி உயர்வதற்கு மற்ற பெண்கள் எல்லோரும் முட்டாள்களாக இருந்தாக வேண்டும் என்று யார் விதித்தது?

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டேன்.

மூலக்கதையைக் கடைசியில் சேர்த்து அச்சிடுங்கள் என்று பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். எதை எங்கே மாற்றியிருக்கிறீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். இரண்டையும் படித்துவிட்டு வாள் எலிசாவே மேல் என்று என் மகள் சொன்னால், அவளோடு சண்டைக்குப் போக மாட்டேன். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத்தான் அவளுக்குக் கேட்கிறேன்.

உங்கள் விளம்பரப் பக்கத்தில், கிரிம் சகோதரர்களின் ஆறு அன்னங்கள் அடுத்து வருவதாகப் போட்டிருக்கிறது. அந்தக் கதையிலும் ஒரு தங்கை ஆறு ஆண்டுகள் பேசாமல் இருந்து சட்டை தைக்கிறாள். அதிலும் ஒரு கை குறைகிறது. அச்சுக்குப் போகும் முன் இந்த மடலைப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டுப் புத்தகத்தின் கடைசிப் படத்தில், ஓரத்தில் நிற்கும் அண்ணனுக்கு என் மகள் பென்சிலால் ஒரு சிறகு வரைந்துவிட்டாள். கொஞ்சம் கோணல்தான். அழிக்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு வாசகி